‘ஒண்ணுமில்ல’: பார்க்க மறுக்கும் மருத்துவப் பார்வை பற்றிச் சில குறிப்புகள்

1

“ஒண்ணுமில்லம்மா. கண்ணு நல்லாருக்கு.”

2014-க்கும் 2019-க்கும் இடையில் நான்கு கண் மருத்துவர்கள் என்னிடம் சொன்ன வாக்கியம் இது. நான்கு பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு ஃபீஸ். வாக்கியம் மட்டும் ஒன்றுதான். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற துணைவாக்கியங்கள் ஆளுக்கு ஆள் மாறின. “ரொம்ப டென்ஷன் ஆவீங்களோ?” “நெட்ல படிச்சிட்டு வந்துட்டீங்களா?” “நாப்பது வயசு ஆயிருச்சில்ல, அப்படித்தான் இருக்கும்.” நான்காமவர் என்னிடம் பேசவே இல்லை. துணைக்கு வந்திருந்த என் தம்பியைப் பார்த்து, “வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?” என்று கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். வீட்டில் பிரச்சனை இல்லாத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள்?

நான் பிழை திருத்துகிறவள். புரூஃப் பார்ப்பதுதான் சோறு. கண்ணில் மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஒரு உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொண்டு, விரலால் பிரித்தால்தான் திறக்கும். ஃபேன் காற்று ஆகாது, பஸ்ஸில் ஜன்னலோர சீட் ஆகாது. ஒரு நாளைக்கு 40 பக்கம் பார்த்தவள் 15 பக்கத்துக்கு இறங்கினேன். இதையெல்லாம் சொன்னேன். சொன்னதற்குக் கிடைத்த பதில்தான் மேலே இருப்பது.

இந்தக் கட்டுரை என் நோயின் சரித்திரம் அல்ல. அந்த ஒரு வாக்கியத்தைப் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிற முயற்சி. ஐந்து வருஷம் ஒருத்தியின் வாயை அடைத்த வாக்கியம் அது. அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

2

மூன்றாவது மருத்துவமனையில் கொடுத்த ஃபைலை வீட்டுக்கு எடுத்து வந்து புரூஃப் பார்க்கிற புத்தியோடு படித்தேன். நான் கால்மணி நேரம் சொல்ல நினைத்து, அரை நிமிஷம் சொன்னது, ஒரு வரியாகியிருந்தது. வரியின் தொடக்கத்தில் ‘சி/ஓ’ என்று இருந்தது. ‘கம்ப்ளெய்ன்ட்ஸ் ஆஃப்’ என்பதன் சுருக்கம் அது. நான் பட்ட பாடு அங்கே புகாராகிவிட்டது. ‘மண்ணு கெடக்கற மாதிரி’ என்றது ‘ஃபாரின் பாடி சென்சேஷன்’ ஆகியிருந்தது. பக்கத்தின் அடியில் மூன்று எழுத்து: ‘என்.ஏ.டி.’ விரித்தால், ‘நத்திங் அப்நார்மல் டிடெக்டட்’. இயல்புக்கு மாறாக எதுவும் கண்டறியப்படவில்லை.

கவனியுங்கள். எழுத்தில் இருப்பது ‘கண்டறியப்படவில்லை’. வாயில் வருவது ‘ஒண்ணுமில்ல’. முதலாவது, தேடியவரின் செயலைப் பற்றிய கூற்று. யார் தேடினார், எதைக்கொண்டு தேடினார், எத்தனை நேரம் தேடினார் என்று திருப்பிக் கேட்பதற்கு அதில் இடம் உண்டு. இரண்டாவது, என் உடலைப் பற்றிய கூற்று. அதில் தேடியவர் இல்லை, கருவி இல்லை, நேரம் இல்லை. வினைச்சொல்லே காணாமல் போய்விட்டது. கண்டுபிடிக்க முடியாமற்போனது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிற வழியில் இல்லாமையாக மாறிவிடுகிறது. மருத்துவர் தன் சக மருத்துவருக்கு எழுதும்போது காட்டுகிற அடக்கத்தை நோயாளியிடம் பேசும்போது காட்டுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஒண்ணுமில்ல’ என்பது நம் வீட்டுச் சொல். குழந்தை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால், மடியில் போட்டுத் தடவிக்கொண்டே “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்கிறோம். ரத்தம் வருகிறதென்று தெரிந்துதான் சொல்கிறோம். அங்கே அந்தச் சொல்லோடு கை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதே சொல் வருகிறது, கை அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லின் பழைய பாசத்தினால்தான் நாமும் எதிர்த்துப் பேசாமல், ‘தேங்க்ஸ் டாக்டர்’ சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம் என்று நினைக்கிறேன்.

3

சரி, அவர்கள் கண்டறியாதது எது?

கண்ணீர் என்றால் நமக்கு அழுகைதான் நினைவுக்கு வரும். ஆனால் அழாதபோதும் கண்ணின் மேல் ஒரு நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நீரும் சளிப்பொருளும் கலந்த பகுதி. அதற்கு மேல், சீக்கிரம் ஆவியாகிவிடாமல் காக்கும் எண்ணெய்ப் படலம். எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சுரப்பிகள். 1666-ல் இவற்றை விவரித்த ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மானியரின் பெயரில் இன்றும் மைபோமியன் சுரப்பிகள் என்றே அழைக்கிறார்கள். நீர் குறைந்தாலும் உலர்வு, எண்ணெய் அடைத்துக்கொண்டாலும் உலர்வு. உலர்ந்த கண் உறுத்தினால் மூளை பதறிப்போய்க் குபுகுபுவென்று நீரை அனுப்புகிறது. அதனால் உலர்ந்த கண் வடிகிற கண்ணாகவும் இருக்கலாம். “தண்ணியா வடியுதுங்கறீங்க, அப்புறம் எப்படி வறட்சி?” என்று இரண்டாமவர் சிரித்தார். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிற முரண்.

இதை அளக்க 1903-லேயே ஓட்டோ சிர்மர் என்பவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளமுள்ள வடிதாள் துண்டு. நுனியை மடித்துக் கீழிமையில் மாட்டிவிட்டு 5 நிமிஷம் காத்திருக்க வேண்டும். தாள் எவ்வளவு தூரம் நனைந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். என்னைப் பார்த்த நான்கு பேரில் ஒருவரும் அந்தத் தாளை எடுக்கவில்லை. தாளுக்கு விலை கிடையாது என்றே சொல்லலாம். 5 நிமிஷத்துக்குத்தான் விலை. 2017-ல் பல நாடுகளின் மருத்துவச் சந்திப்பு நேரங்களை ஒப்பிட்டு வெளியான ஓர் ஆய்வு, வங்கதேசத்துக்கு 48 வினாடி, ஸ்வீடனுக்கு 22.5 நிமிஷம் என்று கணக்குச் சொன்னது. இந்தியாவுக்கு வந்த கணக்கு இரண்டு நிமிஷத்தை ஒட்டியது. இரண்டு நிமிஷத்துக்குள் ஐந்து நிமிஷத் தாளை எப்படி வைப்பது?

தாளை வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உலர்கண் நோயில் நோயாளி உணர்வதும் மருத்துவர் காண்பதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பது கண் மருத்துவத்தில் ஊரறிந்த விஷயம். சாயம் விட்டுப் பார்த்தால் கருவிழி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறை. கேட்டால், “அப்படியொண்ணும் தெரியல டாக்டர்” என்பார் ஒருவர். இன்னொருவருக்குக் கறையே இல்லை. கண்ணைத் திறக்க முடியாத வலி. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கிற திசு கருவிழிதான். அந்த நரம்புகளே பழுதானால் மேற்பரப்பு பளிங்கு மாதிரி இருக்கும்போதே எரியும். பாஸ்டனில் பெர்ரி ரோசன்தால் என்ற கண் மருத்துவர் இந்தக் ‘கறையில்லா வலி’யைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 2017-ல் சர்வதேச அறிஞர் குழு உலர்கண்ணுக்குக் கொடுத்த வரையறையில் நரம்புணர்வுக் கோளாறும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. நோயாளியின் உணர்வு இல்லாமல் இந்த நோய் இல்லை என்பதும் அதே வரையறைக்குள் இருக்கிறது.

ஆனால் இதே காலத்தில் இதற்கு நேரெதிரான ஒன்றும் நடந்தது. உலர்கண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய ஷோகிரன் நோய்க்கு 2002-ல் வகுத்த அளவுகோலில், நோயாளி சொல்லும் கண் வறட்சியும் வாய் வறட்சியும் ஆறு கூறுகளில் இரண்டாக இருந்தன. 2016-ல் வந்த புதிய அளவுகோலில் அவை வாசலோடு நிறுத்தப்பட்டுவிட்டன. சோதனைக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டும்தான் நோயாளியின் பேச்சு. மதிப்பெண் எல்லாம் ரத்தத்துக்கும் திசுவுக்கும் தாளுக்கும். அறிவியல் ஒரு கையால் நம் பேச்சை அழைக்கிறது, மறுகையால் வெளியே உட்காரச் சொல்கிறது.

4

ஷோகிரன் பெயர் வந்துவிட்டதால் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹென்ரிக் ஷோகிரன் ஸ்வீடனின் கண் மருத்துவர். கண்ணும் வாயும் காய்ந்து, பலருக்கு மூட்டும் வலித்த 19 பெண்களைப் பற்றி 1933-ல் ஸ்டாக்ஹோமில் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தனித்தனி உறுப்புக் கோளாறு இல்லை, உடம்பு முழுக்க ஓடுகிற ஒரே நோய் என்பது அவர் வாதம். ஆய்வேட்டுக்கு, பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி கிடைக்குமளவுக்கு மதிப்பெண் போடவில்லை. அவர் பேராசிரியர் வழியை விட்டுவிட்டு ஊர் ஆஸ்பத்திரி மருத்துவராகப் போனார். 1943-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஒருவர் அந்த ஏட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த 19 பேரும் பெண்கள் என்பதை நான் விட்டுவிட முடியாது. அவர்களை நம்பிய மருத்துவரையே நிறுவனம் நம்பவில்லை. நம்பிக்கையின்மை தொற்றுகிறது. 2011-ல் டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் தனக்கு இந்த நோய் என்று அறிவித்துவிட்டு அமெரிக்க ஓப்பன் போட்டியிலிருந்து விலகினார். அதற்கு முன் பல வருஷம் அவருடைய களைப்புக்குச் சரியான பெயர் கிடைக்கவில்லை. உலகமே உற்றுப் பார்க்கிற உடம்பு. அவருக்கே அந்தக் கதி.

90-களில் உடல், அதிகாரம் என்று தமிழில் நிறைய எழுதினோம். ஃபூக்கோ 1963-ல் மருத்துவமனையின் பிறப்பு பற்றி எழுதியது கைக்கு வந்தது. நவீன மருத்துவம் நோயாளியின் பேச்சை ஒதுக்கிவிட்டு அவர் உடம்பைப் படிக்கத் தொடங்கியதைப் பற்றி அது பேசியது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது, பார்வை என்றாலே கண்காணிப்பு, மருத்துவம் என்றாலே அதிகாரம் என்பதை. என் அனுபவம் அதில் ஒரு பாதியைத்தான் ஒத்துக்கொள்கிறது. பேச்சை ஒதுக்கினார்கள், உண்மை. ஆனால் உடம்பையாவது படித்தார்களா? என்னை யாரும் கண்காணிக்கவில்லை. பார்க்கவே இல்லை. நம் ஊரில் பார்ப்பதற்குத் தகுதியானவர் யார், எத்தனை நிமிஷம் என்று பங்கு பிரிப்பதிலும் அதிகாரம் இருக்கிறது. கண்காணிப்புக்கு எதிராக எழுதின கையால் ‘என்னைக் கொஞ்சம் கண்காணியுங்கள்’ என்று மனுப்போட வேண்டிய நிலைமை எனக்கு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம்முடைய கோட்பாட்டு விவாதங்களில் விடுபட்டுப்போன பக்கம் இது.

5

ஏன் பார்க்கவில்லை என்பதற்குத் தனிமனிதத் திமிரை மட்டும் காரணம் காட்டினால் விஷயம் சிறுத்துவிடும்.

இந்தியாவில் கண் என்றால் அரசுக்குப் பார்வையிழப்பு. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-ல் வந்தது. அதே வருஷம் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. ஊர் ஊராக முகாம் போட்டார்கள். என் பாட்டிக்கு அப்படியொரு முகாமில்தான் புரை எடுத்தார்கள். பச்சைப் பட்டி கட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கின பாட்டி, மறுவாரம் பேரப்பிள்ளைகளை முகம் பார்த்துப் பேர் சொன்னாள். அதைக் கேலி பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த மகத்தான வேலை ஒரு அளவுகோலை எல்லார் மனசிலும் நட்டுவிட்டது. 1862-ல் ஸ்னெல்லன் உண்டாக்கிய எழுத்துப் பலகை. கடைசி வரிவரை படித்தால் 6/6. 6/6 என்றால் கண் பாஸ்.

எனக்கு 6/6. பலகையைப் படிக்க ஆகிற பத்து விநாடிக்கு என் கண்ணும் ஒத்துழைக்கும். பத்து விநாடிக்கு மேல் படிக்க முடியுமா என்று அந்தப் பலகை கேட்பதில்லை. வலிக்கிறதா என்றும் கேட்பதில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்வை தொடர்பானவற்றை அது வரையறுப்பது பார்வைக் கூர்மையாலும் பார்வைப் புலத்தாலும். பார்வை இருந்தும் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாதவருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. “கண்ணு தெரியுதில்ல, அப்புறம் என்ன?” என்று மருத்துவர் கேட்டபோது, அவர் வாயால் ஒரு திட்டமும் ஒரு பலகையும் ஒரு சட்டமும் சேர்ந்துதான் பேசின.

6

2017-ல் அம்மா செத்துப்போனாள். பெண்டுகள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு நெஞ்சு வெடித்தது, தொண்டை அடைத்தது, கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. எரிந்தது. பெரியம்மா என் மோவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது: “பெத்தவளுக்கு ஒரு சொட்டு வருதா பாரு. படிச்ச புள்ள.”

இந்த நோயில் சிலருக்கு அழுதாலும் கண்ணீர் வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. நானே என்னைச் சந்தேகப்பட்டேன். அம்மா மேல் எனக்குப் பாசம் இல்லையோ?

பெரியம்மாவின் வாக்கியமும் டாக்டரின் வாக்கியமும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு பேரும் என் கண்ணில் ஒரு குறியைத் தேடினார்கள். டாக்டர் தேடியது கறை. பெரியம்மா தேடியது கண்ணீர். குறி இல்லை, எனவே குறிக்கப்படுவதும் இல்லை: வலி இல்லை, துக்கம் இல்லை. வெளியே தெரிகிற அடையாளம்தான் உள்ளே இருப்பதற்குச் சாட்சி என்கிற இந்த நம்பிக்கையில் படித்த டாக்டருக்கும் படிக்காத பெரியம்மாவுக்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு: பெரியம்மா ஃபைலில் எழுதவில்லை.

எலேன் ஸ்கேரி 1985-ல் எழுதினார்: வலி உள்ளவருக்கு அதைவிட நிச்சயமானது வேறில்லை, கேட்பவருக்கோ அது சந்தேகத்தின் மறுபெயர். மிராண்டா ஃபிரிக்கர் 2007-ல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் நம்பகத்தைக் குறைத்து மதிப்பது அநீதி, அதைச் சாட்சிய அநீதி என்போம் என்றார். பெண்கள் வலியைச் சொல்லும்போது அது உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றி 2001-லேயே அமெரிக்காவில் இரண்டு பெண்கள் எழுதிய கட்டுரை மிகவும் பேசப்பட்டது. நமக்கு இதெல்லாம் புதிதா? சாட்சி சொல்ல வந்தவரின் சாதி பார்த்துச் சாட்சியத்தை எடை போட்ட ஊர்தானே இது.

7

2019-ல், கைக்காசு தீர்ந்த பிறகு, ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். மூன்று மணி நேரம் பெஞ்சில். உள்ளே ஒரு இளம் மருத்துவர், படித்துக்கொண்டே வேலை பார்க்கிற பெண். “வாய் காயுதா? ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிக்கிறீங்களா? பல்லு எப்படி இருக்கு?” என்று கேட்டார். ஐந்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அதற்குள் ஐந்து பல் பொடிந்து போயிருந்தது. பல் டாக்டர் ஒரு பக்கம், கண் டாக்டர் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அவர் தாளை எடுத்து மாட்டினார். 5 நிமிஷத்தில் 3 மில்லிமீட்டர். ரத்தப் பரிசோதனையில் ஷோகிரன் நோய்க்கான எதிரணு. நோய்க்குப் பெயர் கிடைத்தது. இந்த நோயாளிகளுக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், ஆகவே வருஷாவருஷம் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். ‘ஒண்ணுமில்ல’ என்பதன் விலை என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

கதையை இங்கே முடித்தால் சுபம். ஒரு நல்ல டாக்டர், ஒரு சரியான டெஸ்ட், உண்மை வென்றது. ஆனால் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டை, கறை தேடுகிற வேலை. என் வேலையும் அவள் வேலையும் ஒன்றுதான், நான் காகிதத்தில் தேடுகிறேன். “மொளகாத்தூள் உளுந்த மாதிரிங்க்கா” என்றாள். அவளுக்கும் அதே டாக்டர், அதே தாள். 14 மில்லிமீட்டர். ரத்தத்தில் எதுவும் இல்லை. “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, சொட்டு மருந்து போடுங்க” என்றார் அந்த நல்ல டாக்டர். வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: “அப்பறம் எரியறது பொய்ங்களா?”

எனக்குக் கிடைத்த பெயர் ஒரு நுழைவுச் சீட்டு. அது கையில் வந்ததும் என்னை நம்ப ஆரம்பித்தார்கள். இல்லாதவர்களின் வரிசை இன்னும் நீளமாக இருக்கிறது. ‘நான் சொன்னது உண்மை, இதோ ரிப்போர்ட்’ என்று நான் காட்டுகிற ஒவ்வொரு தடவையும், ரிப்போர்ட் இல்லாதவளின் பேச்சை இன்னும் கொஞ்சம் மலிவாக்குகிறேனோ என்று தோன்றுகிறது.

நம்ப ஆள் இல்லாத இடத்தில் சந்தை வந்து நிற்கும். உலர்கண் நோயாளி என்ன உணர்கிறார், படிக்க முடிகிறதா, காற்றடித்தால் எப்படி என்று 12 கேள்வி கேட்டு 100-க்கு மதிப்பெண் போடுகிற வினாத்தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதை 1997-ல் உருவாக்கியது அலர்கன் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக் குழு. மருத்துவர் கேட்காததைக் கம்பெனி உட்கார்ந்து கேட்டது, விற்க வேண்டுமே. அந்த நிறுவனத்தின் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு 2002-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காப்புரிமைக்கு ஆபத்து வந்தபோது, 2017-ல் அதை மோஹாக் பழங்குடியினர் அரசு ஒன்றின் பெயருக்கு மாற்றினார்கள். பழங்குடியினரின் இறையாண்மையைக் கேடயமாகப் பிடிக்கிற தந்திரம். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2023-ல் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள் வழியாக மருந்துக்கு அடங்காத கிருமி பரவி, அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டிவந்தது. திரும்பப் பெறப்பட்ட சொட்டு மருந்து தயாரானது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில். ‘சொட்டு மருந்து போடுங்க’ என்று அலட்சியமாகச் சொல்லி அனுப்புகிற பொருளும் அப்படியொன்றும் அலட்சியமான பொருள் இல்லை.

சட்டம் கைகொடுக்காதா என்று தோழர்கள் கேட்கலாம். 1995-ல் உச்சநீதிமன்றம் காசு வாங்குகிற மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் இலவசமாகத் தருகிற இடங்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. காசு கொடுத்தால் நுகர்வோர், இல்லையென்றால் பயனாளி. செக்கிங் வேலைக்காரி எந்தக் கோர்ட்டில் போய் நிற்பாள்? ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னதற்கு எந்தக் கோர்ட்டில்தான் வழக்குப் போட முடியும்?

8

அப்படியானால் எப்படித் தாக்குப் பிடிப்பது? நான் செய்ததைச் சொல்கிறேன். புரட்சி எதுவும் இல்லை.

வலியைத் தேதிபோட்டு எழுத ஆரம்பித்தேன். ‘எரியுது’ என்றால் கேட்காதவர்கள், ‘11 மணிக்குமேல் வேலை பார்க்க முடியவில்லை, 40 பக்கம் 15 ஆகிவிட்டது’ என்றால் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வலியை உற்பத்தி நஷ்டமாக மொழிபெயர்த்தால்தான் கவனம் கிடைக்கிறது என்பது கேவலம்தான். தெரிந்தேதான் செய்கிறேன். சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்கிறேன். அலர்ஜி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும்கூடக் கண்ணை உலர்த்தும். வாய், பல், மூட்டு எல்லாவற்றையும் கண் டாக்டரிடமே சொல்கிறேன், “அதுக்கு வேற டாக்டர்” என்று சொன்னாலும். சோதனையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்: “சிர்மர் டெஸ்ட் ஒருதடவ பாத்துடலாங்களா டாக்டர்?” இந்த ‘ங்களா’ முக்கியம். பெயர் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. துணைக்கு வருகிற தம்பியிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: “எங்கிட்டக் கேக்கச் சொல்லு. நீ சாட்சிக்குத்தான் வர்ற.” அடிக்கடி போடவேண்டிய சொட்டு என்றால், கெடாமலிருக்கச் சேர்க்கிற பென்சல்கோனியம் குளோரைடு அதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன், அடிக்கடி போட்டால் அதுவே கண்ணைப் புண்ணாக்கும். அது இல்லாத ஒற்றைவேளைக் குப்பிகளுக்கு விலை அதிகம் என்பது வேறு கதை. மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் தடுக்கிறேன். முதலில் சுகமாக இருக்கும், கண் அழுத்தம் ஏறிப் பார்வை போனபின்தான் தெரியும். டாக்டர் நம்பவில்லை என்ற கோபத்தில் மருத்துவத்தையே உதறிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இதெல்லாம் படிக்கத் தெரிந்தவளுக்கு, அரைநாள் லீவு போட முடிந்தவளுக்கு, ‘நல்ல நோயாளி’யாக நடிக்கத் தெரிந்தவளுக்கு. அந்த நடிப்பும் ஒரு வேலை. அதற்குக் கூலி கிடையாது. டாக்டரின் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த இளம் மருத்துவர் மத்தியானம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னும் அதிகமாகக் கேட்பது நியாயமா என்றும் தோன்றியது. ஆனால் ‘எனக்குத் தெரியல’ என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ‘ஒண்ணுமில்ல’ என்பதற்குப் பதில், ‘எங்கிட்ட இருக்கற டெஸ்ட்ல தெரியல, உங்களுக்கு எரியறது நிஜம்’ என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்பது அந்த ஒரு வாக்கியத்தை.

நம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் திருக்குறள் எழுதி வைப்பார்கள். பெரும்பாலும் 948-ஆம் குறள். மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி, 950-ல், மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் எல்லாருக்கும் முன்னால் அவர் வைப்பது ‘உற்றவன்’ என்பவனை. நோயாளி என்ற சொல்கூட இல்லை. நேர்ந்தது யாருக்கோ அவன். புகார் சொல்கிறவன் இல்லை, உற்றவன். அந்தக் குறளை நான் எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் பார்த்ததில்லை.

செக்கிங் வேலைக்காரி இப்போதும் ஃபோன் செய்கிறாள். எரிச்சல் போகவில்லை. கம்பெனியில் அவளை மடிப்புக்கு மாற்றிவிட்டார்கள், சம்பளம் குறைவு. அடுத்த புதன்கிழமை வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘ஃபாரின் பாடி’ என்று எழுதவில்லை. ‘மொளகாத்தூள் உளுந்த மாதிரி, மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து, லைட் போட்டா ஜாஸ்தி, சாயத்தில் கறை இல்லையென்றாலும் நரம்பினால் வலிக்கலாமா என்று பார்க்கவும்’ என்று இருக்கிறது. கடைசி வரி என்னுடையது. டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டால், ‘ஒரு அக்கா எழுதுனாங்க’ என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.